கூமாவுக்குத் திரும்பிய மகளுக்கு

அன்புள்ள ஐயா,

நான் பிறந்து வளர்ந்தது நியூ சவுத் வேல்ஸில் கூமா என்ற ஊர். அப்பா அங்கே டொக்டராக இருந்தார். பதினெட்டு வயதில் படிக்கச் சிட்னிக்கு வந்தேன். கொஞ்ச நாளில் அப்பா அம்மாவும் மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள். பதினேழு வருடம் கழித்து இந்த வசந்தகாலப் பள்ளி விடுமுறையில்தான் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் கூமாவுக்குப் போனேன்.

நாங்கள் இருந்த வீட்டுக்கு வேறு நிறம் அடித்திருக்கிறார்கள். அம்மா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரும் கடை இல்லை. நானி கோட் குன்றில் ஏறி ஊரைப் பார்த்தபோது அழுகை வந்தது. மகளின் தலையில் ஒரு மேக்பைப் பறவை பாய்ந்து கொத்தியது. எங்கள் பழைய தோட்டத்து வேலியோரம் ஒரு முள்ளம்பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. முகாமிடத்தில் கங்காருக்கள் பிள்ளைகளின் கையிலிருந்தே ரொட்டி தின்றன. பொம்பாலாவில் வாத்து அலகோடு நீர்நாய் மாதிரி இருக்கும் பிளாட்டிபஸைக்கூடப் பார்த்தோம். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஒரு வொம்பாட் அடிபட்டுக் கிடந்தது. மகனுக்கு ஆறு வயது. "அம்மா, அதுக்குக் குட்டி இருக்குமா?" என்று கேட்டான். "அது தூங்குதடா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் கேள்வி இதுதான். பெற்றோருக்கு ஊர் சாவகச்சேரி. எனக்கு அது விடுமுறைக்குப் போன இடம். கூமாவிலோ இன்றைக்கு என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கூமாவை என் ஊர் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கேள்விக்காக ஒரு தரம், மிச்சம் இரண்டு தரம் உங்கள் மகனுக்காக. கன்பராவிலிருந்து கூமாவுக்குப் போகும் மொனாரோ நெடுஞ்சாலையில் அந்தக் கேள்வியை உங்கள் மகனுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். சில மாதங்களாக என் மனம் அவரைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அந்த நேரம் பார்த்து வந்தது.

முதலில் உங்கள் கேள்வியை முடித்துவிடுகிறேன். உண்டு. பிறந்து, பள்ளிக்கூடம் போய், முழங்காலில் காயம்பட்ட இடம் ஊர்தான். இதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, என்னிடமும்கூட. கூமா வந்தவர்களால் பெருத்த ஊர். 1949 முதல் 1974 வரை நடந்த ஸ்னோயி மலைத்திட்டத்தில் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒரு இலட்சம் பேர் வந்து சுரங்கம் குடைந்தார்கள், அணை கட்டினார்கள். நூற்றிருபத்தொரு பேர் அந்த வேலையில் இறந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே உரிமை கேட்டா குடியிருக்கிறார்கள்? அந்த மண்ணில் உரிமையைப் பற்றி மற்றவர்களைக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் அங்கத்தைய ஆதிக்குடிகளான ஙரிகோ மக்கள் மட்டும்தான். (அவர்கள் பெயரின் முதல் ஒலியை ஆங்கிலக்காரர் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதியும் பலருக்குச் சொல்ல வராது. நம்மிடம் அதற்கென்று 'ங' இருக்கிறது. சரியாகச் சொல்லிப் பழகுங்கள்.)

ஐஸ்கிரீம் கடைக்காக அழுதது போதும். பக்கத்தில் அடமினபியை நினைத்துப் பாருங்கள். யூக்கம்பீன் ஏரிக்காக 1950களில் அந்த ஊரையே பெயர்த்தார்கள். நூறுக்கு மேற்பட்ட கட்டடங்களை லொறிகளில் ஏற்றி வேறிடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய ஜிண்டபைனும் ஏரிக்கு அடியில்தான் இருக்கிறது. உங்களுக்கு ஏறி நின்று பார்க்கவாவது ஒரு குன்று மிச்சம்.

மேக்பைக்காக மகளுக்கு ஆறுதல் சொல்லுங்கள், பறவையை மட்டும் திட்டாதீர்கள். ஆண் பறவைகளில் சிறு பகுதிதான் அப்படிப் பாயும், அதுவும் கூட்டில் குஞ்சு இருக்கும் சில வாரங்கள்தான். அது முகங்களை நினைவில் வைக்கும். அடுத்த வருடம் போனால் அந்த மரத்தைச் சுற்றிப் போங்கள். கங்காருவுக்கு ரொட்டி கொடுக்காதீர்கள். புல் தின்னும் வாய்க்கு அது நோய் கொடுக்கும், தாடை வீங்கிச் சாகும்.

வேலியோரம் நீங்கள் பார்த்தது முள்ளம்பன்றி அல்ல, எக்கிட்னா. முள் இருந்தால் முள்ளம்பன்றி, அலகு இருந்தால் வாத்து, உரோமம் இருந்தால் நீர்நாய் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறந்து பதினெட்டு வருடம் அந்த மண்ணில் வளர்ந்தவர் இப்படி எழுதலாமா? முள்ளம்பன்றி எலிச் சாதி. எக்கிட்னா முட்டையிட்டுப் பால் கொடுக்கிற பிராணி. உலகத்தில் அப்படி இருப்பவை அதுவும் பிளாட்டிபஸும்தான். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் வேறு பிராணிகளின் உறுப்பைக் கடன் வாங்கி ஒட்டியிருக்கிறீர்கள். ஊர் என்னுடையதா என்று கேட்கிறவர் அந்த ஊரில் இருப்பவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாமா?

இனி வொம்பாட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் ஏன் காரை நிறுத்தவில்லை?

கோபமாகத்தான் கேட்கிறேன். சிட்னியில் பிறந்தவர் கேட்டிருந்தால் விளங்கப்படுத்தியிருப்பேன். கூமாப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சாலையில் செத்துக் கிடப்பது பையுள்ள பிராணியென்றால், அது பெண் என்றால், பைக்குள் குட்டி உயிரோடு இருக்கக்கூடும். தாய் அடிபட்ட அதிர்ச்சியைப் பை தாங்கிக்கொள்ளும். தாயின் உடம்பு குளிர்ந்த பிறகும் குட்டி மணிக்கணக்காக, சில வேளை நாட்கணக்காகக்கூட உயிரோடு கிடக்கும். வொம்பாட்டின் பை பின்பக்கமாகத் திறக்கும், மண் தோண்டும்போது பைக்குள் மண் போகாமல் இருக்க. கங்காருவைப் போல வயிற்றின் மேல்பக்கத்தில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விடுகிறவர்கள் உண்டு. பின்கால்களுக்கு நடுவில் பார்க்க வேண்டும். குட்டி அங்கே ஆறேழு மாதம், அதற்கு மேலும் இருக்கும்.

1996 ஜூலையில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கன்பராவுக்கு வந்தார். பனி பார்க்க வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் புறப்பட்டோம். சேலைக்கு மேலே என்னுடைய ஸ்வெட்டர், காலில் இரண்டு சோடிக் காலுறை. மிக்கலேகோ தாண்டியதும் இருட்டிவிட்டது. காரின் வெளிச்சத்தில் சாலையோரம் ஒரு சாம்பல் கங்காரு கிடந்தது. யாரோ அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். படத்தில் தவிர அம்மா கங்காருவைக் கண்டதில்லை. முதலில் கண்டது அதைத்தான்.

"தம்பி, நிப்பாட்டு. பையுக்குள்ள பிள்ளை இருக்குமெல்லே?"

"அது செத்துப்போச்சு அம்மா."

"தாயெல்லோ செத்தது. நான் பிள்ளையைக் கேக்கிறன்."

நான் நிறுத்தவில்லை. பின்னால் லொறி வருகிறது என்றேன். இருட்டு என்றேன். கூமாவில் விடுதி மூடிவிடும் என்றேன். மூன்றும் உண்மைதான். ஆனால் நிறுத்தாததற்குக் காரணம் அவை எதுவுமில்லை. செத்த பிராணியைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. அம்மா பேசாமல் வந்தார். பிரெட்போவில் தேத்தண்ணி குடிக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

எங்கள் வீட்டில் ஆடு வளர்த்தவர் அவர். ஒருமுறை மறியாடு குட்டி போட்டுவிட்டுச் செத்துவிட்டது. அந்தக் குட்டியை அடுப்படியில் சாக்கால் சுற்றி வைத்து, பஞ்சில் பால் நனைத்து நனைத்து வளர்த்தார். எனக்கு அப்போது எட்டு வயது. குட்டியின் சூடு போய்விடக்கூடாது என்று இராத்திரியில் எழுந்து விறகைத் தள்ளிவிடுவார். காரில் அவர் கேட்டது தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை. தாய் செத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவரின் கேள்வி.

இரண்டு வருடம் கழித்து, ஆகஸ்டில் ஒரு காலை, பிரெட்போவுக்கு அருகே மறுபடி ஒன்று கிடந்தது. இந்த முறை நிறுத்தினேன். புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போது ஒரு பழைய யூட், பின்பக்கம் திறந்த வண்டி, வந்து நின்றது. அறுபது வயதிருக்கும் ஒரு பெண் இறங்கி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முழந்தாளிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, முழங்கைவரை பைக்குள் விட்டார். சூடு இருக்கிறது என்றார். என் கையையும் பிடித்து உள்ளே வைத்தார். வெளியே உறைபனி, உள்ளே அடுப்படிச் சாக்குக்குள் கை விட்டது போல இருந்தது. ஏதோ அசைந்தது. அது ஒரு காது.

அவர் குட்டியை இழுக்கவில்லை. முலைக்காம்பு அதன் வாய்க்குள் வீங்கியிருக்கும், இழுத்தால் வாய் கிழியும். காம்பைத் தாயிடமிருந்து வெட்டி, குட்டி விழுங்கிவிடாதபடி ஊசியால் துணியோடு குத்தினார். பிறகு என் ஸ்வெட்டருக்குள் வைத்தார். தாயின் உடம்பைச் சாலையிலிருந்து தூர இழுத்துப்போட்டோம், இல்லாவிட்டால் இறைச்சி தின்ன வரும் கழுகும் அடிபடும். தாயின் மேல் பெயிண்டால் ஒரு குறி போட்டார், பின்னால் வருகிறவர்கள் பை பார்த்தாயிற்று என்று அறிய. என் காரை அங்கேயே விட்டுவிட்டு அவருடைய யூட்டில் கூமாவுக்குப் போனேன். வழி முழுக்க அவர் பேசவில்லை, ரேடியோவையும் நிறுத்திவிட்டார். குட்டிக்குச் சத்தம் ஆகாது.

அவர் வீட்டுச் சமையலறையில் கதவுக் கைப்பிடிகளில் தலையணை உறைகள் தொங்கின. ஒன்று உதைத்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி. விறகடுப்புக்குப் பக்கத்துக் கைப்பிடிதான் மிகச் சிறியதற்கு. நான் அங்கே நின்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரிடம் கேட்டேன்: குளிர்காலம், தாய் செத்து ஒரு மணி இரண்டு மணி நேரம் என்றால் குட்டி இருந்திருக்குமா? இருந்திருந்தால் உயிரோடுதான் இருந்திருக்கும் என்றார். எந்த நாளைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

அன்றிரவு கொழும்புக்கு அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "என்ன பால் குடுக்கினம்?" மாட்டுப்பால் ஆகாது, வயிற்றோட்டம் வந்து செத்துவிடும், இதற்கென்று தனிப் பால்மா இருக்கிறது, வயதுக்கு வயது வேறு என்றேன். பைக்குள் ஒரு சின்னக் குட்டியும் பைக்கு வெளியே ஒரு பெரிய குட்டியும் இருந்தால் தாய் ஒரு காம்பில் ஒரு பாலும் மற்றதில் வேறு பாலும் சுரக்கும் என்று அந்தப் பெண் சொன்னதையும் சொன்னேன். "ஒரு உடம்பில ரெண்டு பாலோ," என்று அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 1996இல் நிறுத்தாததைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 2011இல் அவர் போய்விட்டார்.

அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு கோபம். நெடுஞ்சாலையில் எல்லா இடத்திலும் நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். வளைவில் நிறுத்தாதீர்கள், பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். நிறுத்த முடியாவிட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு மீட்புக்காரருக்குப் போன் செய்யுங்கள். மாநிலம் முழுக்க வயர்ஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பு இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்தில் லாஓகோ என்று ஒரு குழு இருக்கிறது, கொசியஸ்கோவின் அநாதைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்பது அந்தப் பெயரின் விரிவு. பிராணி உயிரோடு துடித்தால் கிட்டப் போக வேண்டாம், அவர்கள் வரட்டும். குட்டி காம்பைப் பிடித்திருந்தால் நீங்களாக வெட்டப் போகாதீர்கள், போனில் அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். கையில் குட்டி வந்தால் துணியால் சுற்றி, இருட்டாக, உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். பால் கொடுக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் தடவ ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். வீட்டில் வைத்து வளர்க்க நினைக்காதீர்கள், அதற்கு அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

என் காரின் பின்பெட்டியில் ஒரு பழைய தலையணை உறை, டோர்ச், கையுறை, ஒரு பெயிண்ட் டப்பா எப்போதும் இருக்கும். கூமாவுக்கு அடுத்த முறை போகும்போது கன்பரா வழியாகத்தானே வருவீர்கள்? வீட்டுக்கு வாருங்கள், உங்களுக்கும் ஒன்று கட்டித் தருகிறேன்.

அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறான், நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அது தூங்கவில்லை என்று அவனுக்குச் சொல்லுங்கள். குட்டி இருந்திருக்கலாம் என்றும், நீங்கள் பார்க்கவில்லை என்றும் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள், பிள்ளை.