குறிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன, என் துண்டுகள் சிறுத்துப்போகின்றன

துண்டுத் துணிகளைச் சேர்த்துக் குவில்ட் என்ற போர்வை தைக்கும் வாசகி ஒருவர் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊர் குவில்ட் குழுவில் 15 பேர் சேர்ந்து மிஸ்ட்ரி குவில்ட் தைக்கிறோம். முதல் குறிப்பில் 128 அரைச்சதுர முக்கோணங்கள், அதாவது இரண்டு முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள். 2⅞ இஞ்ச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டித் தைத்தால் 2½ வரவேண்டும். 90 முடித்துவிட்டேன், எல்லாம் 2⅜ தான் வருகிறது. அதற்குள் மூன்றாம் குறிப்பும் வந்துவிட்டது. அரைக்கால் இஞ்ச்தானே என்று விட்டுவிடலாமா? மூன்றாம் குறிப்பில் வரும் ஆரஞ்சு எனக்குப் பிடிக்கவே இல்லை, மாற்றலாமா? எல்லோரும் முன்னே போய்விட்டார்கள், விலகிவிடலாமா என்றும் தோன்றுகிறது.”

விலக வேண்டாம். ஆனால் அந்த அரைக்கால் இஞ்ச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மிஸ்ட்ரி குவில்ட்டில் கடைசிப் படம் நமக்குத் தெரியாது. வடிவமைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு குறிப்பு வரும். அதில் இத்தனை துண்டு, இந்த அளவு என்று மட்டும் இருக்கும். அமெரிக்காவில் போனி ஹன்டர் என்ற குவில்ட் வடிவமைப்பாளர் பல ஆண்டுகளாக நடத்திவந்த மிஸ்ட்ரி இப்படித்தான்: தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை முதல் குறிப்பு வரும், அப்புறம் வாராவாரம் ஒன்று. நிறங்களும் துணியின் அளவும் மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடும். சாதாரண குவில்ட்டில் ஏதாவது பிசகினால் படத்தைப் பார்த்துச் சமாளிக்கலாம். இங்கே படம் இல்லை. கையில் இருப்பது அளவு ஒன்றுதான்.

2½ இஞ்ச் துண்டில் இரு ஓரமும் கால் கால் இஞ்ச் தையலுக்குள் போய்விடும், 2 இஞ்ச்தான் வெளியே தெரியும். இப்படி ஆறு துண்டை ஒரு வரிசையாகச் சேர்த்தால் 12 இஞ்ச் வரவேண்டும். உங்களுக்கு 11¼ தான் வரும். அந்த முக்கால் இஞ்ச் குறைவு இப்போது தெரியாது. ஐந்தாம் குறிப்பில் 12 இஞ்ச் பட்டையோடு சேர்க்கச் சொல்லும்போதுதான் தெரியும். என் முதல் மிஸ்ட்ரியில் எனக்கு அதுதான் நடந்தது. கடைசி வாரத்தில் வரிசைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. நான்கு வாரத் தையலைப் பிரித்தேன்.

காரணம் அநேகமாக உங்கள் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்தான். சாதாரண ஃபுட்டின் ஓரத்தை அளவாக வைத்துத் தைத்தால் பல மெஷின்களில் கால் இஞ்ச் வராது, காலே அரைக்கால் வரைகூடப் போய்விடும். உங்கள் 2⅜ கணக்கு அதோடு பொருந்துகிறது. சோதித்துப் பாருங்கள்: 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, நீளவாட்டில் அடுத்தடுத்துத் தைத்து, அயர்ன் செய்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இஞ்ச் இருக்கவேண்டும். குறைந்தால் தையல் அகலம், கூடினால் குறுகல். சரியாக வந்த இடத்தில், துணி ஓரம் தொட்டுக்கொண்டு போகும்படி மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும்.

தைத்து முடித்த 90 துண்டையும் தூக்கிப் போடவேண்டாம். பழைய தையலை முதலில் பிரிக்காதீர்கள். முக்கோணத்தின் அந்த ஓரம் கிராஸ் வெட்டு, தனியாகப் பிரிந்தால் இழுபட்டுவிடும். மடித்துப் பிடித்து, பழைய தையலுக்கும் துணி ஓரத்துக்கும் நடுவே, ஓரத்திலிருந்து கால் இஞ்ச்சில் புதுத் தையல் போடுங்கள். அதற்கப்புறம் பழையதைப் பிரியுங்கள். அயர்ன் செய்யும்போது பெட்டியை இழுக்காமல் அழுத்தி வைத்து எடுங்கள். முதலில் ஐந்தில் செய்து அளந்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். மீதி 38-க்கு 3 இஞ்ச் சதுரமாக வெட்டித் தைத்து, 2½-க்குச் செதுக்கிவிடுங்கள். துணி கொஞ்சம் வீணாகும், ஆனால் அளவு தப்பாது.

ஆரஞ்சு விஷயத்துக்கு வருவோம். தாராளமாக மாற்றலாம். ஆனால் ஒரு நிறம் குவில்ட்டில் என்ன வேலை செய்கிறது என்பது அதன் பெயரில் இல்லை, அதன் அடர்த்தியில் இருக்கிறது. ஆரஞ்சுக்குப் பதில் மாம்பழ மஞ்சளோ கிளிப்பச்சையோ வைக்கலாம். அரக்கு வைத்தால், பக்கத்தில் கருநீலம் வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். முக்கோணத்தின் முனையே கண்ணுக்குத் தெரியாது. எல்லாத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போனில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். ஆரஞ்சு இருந்த அதே சாம்பல் நிறத்தில் புதுத் துணியும் தெரிந்தால் போதும். “ஆரஞ்சு என்றால் கிளிப்பச்சை” என்று ஒரு சீட்டில் எழுதி மெஷினில் ஒட்டிவையுங்கள். வருகிற எல்லாக் குறிப்புக்கும் அதுவே கணக்கு. பாதியில் மனம் மாறக்கூடாது.

பின்தங்கியதற்கு அனுபவசாலிகள் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு குறிப்பிலும் கால் பங்கு மட்டும் தைத்து, எண்ணி, ஜிப் பையில் போட்டு, மேலே குறிப்பு எண்ணை எழுதிவைக்கிறார்கள். கடைசிக் குறிப்பு வந்ததும் இரண்டு மூன்று பிளாக் (குவில்ட்டின் ஒரு கட்டம்) உடனே சேர்த்துப் பார்க்க முடியும், மீதியைப் படம் தெரிந்தபின் நிதானமாகத் தைக்கலாம். உங்களிடம் இப்போதே 90 இருக்கிறது, முதல் குறிப்பை இப்போதைக்கு அப்படியே நிறுத்துங்கள், மீதி 38 அப்புறம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கால் பங்கு தைத்தால் இந்த வாரமே குழுவோடு சேர்ந்துவிடலாம்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, திருத்திய துண்டு ஒன்றை எடுத்துப்போய் மற்றவர்களுடையதன் மேல் வைத்துப் பாருங்கள். நால்வருடையதோடு ஓரம் ஓரமாகப் பொருந்தினால் உங்கள் மெஷின் சரியாகிவிட்டது. பொருந்தாமல் போனாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. அடுக்கிப் பார்த்தால் இன்னும் இரண்டு பேருக்காவது இதே சிக்கல் இருப்பது தெரியவரும். அவர்களுக்கும் அந்த மூன்று பட்டைச் சோதனையைச் சொல்லிக்கொடுங்கள்.