அமெரிக்கக் குடியுரிமை இல்லாத நாம் துப்பாக்கி வன்முறை பற்றி செனட்டர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து என்ன ஆகப்போகிறது?

பலர் கேட்கும் கேள்வி இது. தாராளமாகச் செய்யலாம். நீங்களும் ஹெச்1பி வேலை விசாவில் வந்து, கிரீன் கார்டுக்குக் காத்திருந்து, பிள்ளையை இங்கே பள்ளிக்கு அனுப்புகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். நான் கூப்பிட்டபோது என்னிடம் கேட்டது பெயரும் ஜிப் கோடும் மட்டும்தான்.

நாங்கள் இருப்பது ஓஹையோவில். 2022 மே மாதம் டெக்சஸின் யுவால்டியில் ஒரு பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்தக் குழந்தைகளைப் போல என் மகளும் நான்காம் வகுப்பு. லாக்டவுன் டிரில் (பள்ளிக்குள் யாராவது துப்பாக்கியோடு வந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சி) அன்று, நடந்தால் மின்னும் ஷூ போட்டு வரக்கூடாதாம், இருட்டில் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடுமாம். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப்-இன் இயக்குநர் பதவிக்கு ஸ்டீவ் டெட்டல்பாக்கின் பெயர் செனட்டின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. துப்பாக்கிக் கடைகளுக்கு உரிமம் தருவதும், குற்றத்தில் சிக்கிய துப்பாக்கி எந்தக் கடையில் விற்றது என்று தேடுவதும் ஏடிஎஃப்தான். 2006-இலிருந்து அதன் இயக்குநரை செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி டெட்டல்பாக்குக்கு முன் ஒப்புதல் கிடைத்தது ஒரே ஒருவருக்கு. அவரும் 2015-இல் போய்விட்டார். பைடன் முதலில் முன்மொழிந்த சிப்மனின் பெயரை 2021-இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மற்ற நாளெல்லாம் தற்காலிகப் பொறுப்பாளர்கள். தலையே நிரந்தரமில்லாத அலுவலகத்தில் யார் துணிந்து கையெழுத்துப் போடுவார்?

அப்போது எங்கள் செனட்டராக இருந்த ராப் போர்ட்மன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "டெட்டல்பாக்குக்கு ஆதரவாக வாக்களிக்கச் சொல்லுங்கள்" என்றேன். எடுத்த பையன் மரியாதையாகக் குறித்துக்கொண்டான். ஜூலை 12 அன்று 48-46 என்ற வாக்கில் டெட்டல்பாக்குக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆதரித்த குடியரசுக் கட்சியினர் இருவரே: சூசன் காலின்ஸ், போர்ட்மன். அந்த இருவரும் மாறிப் போட்டிருந்தால் தோற்றிருக்கும்.

என் ஃபோனால்தான் என்று சொல்லவில்லை, சிரிக்காதீர்கள். போர்ட்மனுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். டெட்டல்பாக் ஓஹையோவில் ஃபெடரல் அரசு வழக்கறிஞராக இருந்தவர். போர்ட்மன் மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டவர். ஆனால் இரண்டு ஓட்டில் நிற்கும் விஷயத்தில் ஆதரவு ஃபோன்களே வராமல் இருப்பது நல்லதா?

"விருந்தாளிக்கு எதற்கு இந்த வேலை" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: நானும் வரி கட்டுகிறேன். துப்பாக்கியே கூடாது என்பவனும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மான் வேட்டைக்குப் போகிறவர், தங்கமான மனிதர்.

எனக்கு எரிச்சல் நம் ஆட்கள் மேல்தான். இங்குள்ள ஒரு தமிழ் வாட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் ஒரு ஃபோன் போடுங்கள்" என்று எழுதினேன். "இங்கே அரசியல் வேண்டாம்" என்று அட்மின் அழித்துவிட்டார். அதே குழுவில் தமிழ்நாட்டுத் தேர்தல் வந்தால் விடிய விடியச் சண்டை.  

கூப்பிடும்போது மசோதா எண்ணையோ ஆளின் பெயரையோ சொல்லி, ஆதரவா எதிர்ப்பா என்று ஒரே வரியில் முடியுங்கள். மாநில சட்டமன்றத்தையும் மறக்காதீர்கள். அதே 2022 ஜூனில் ஓஹையோவில் உரிமம் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்றானது. பள்ளியில் துப்பாக்கி வைத்திருக்கும் ஆசிரியருக்கு 700 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கட்டாயமாக இருந்ததும் 24 மணி நேரத்துக்குள் சுருங்கியது. இரண்டும் மாநிலத் தலைநகர் கொலம்பஸில் போட்ட சட்டங்கள். அங்கே கூப்பிட்டால் உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லத் தயாராக இருங்கள்; எனக்கு விஷயத்தைச் சொன்னதைவிட அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.