மூன்று நாளில் பேப்பர் ரெடி!

கல்லூரி ஆசிரியர்களின் ஆய்வு பற்றி வந்த வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியை ஒருவர் பதில் சொல்கிறார். எழுதியவர்கள் பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் தருகிறோம்.

சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன் மேடம். வருடத்துக்கு இரண்டு ஆய்வு பேப்பர் போட்டால்தான் இன்கிரிமென்ட் என்கிறது நிர்வாகம். “மூன்று நாளில் பிரசுரம், சான்றிதழ் உண்டு” என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பணம் கட்டிப் போட்டுவிடலாமா? – உதவிப் பேராசிரியர், நாமக்கல்

போடாதீர்கள். ஒரு பேப்பரை உட்கார்ந்து படித்துக் குறை சொல்ல இரண்டு பேரைப் பிடிக்கவே மூன்று நாள் போதாது.

இந்தக் கடையைத் திறந்துவைத்ததே நாம்தான். 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி., ஆசிரியர் பணியை எடைபோட ஏ.பி.ஐ. என்ற மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது. பேப்பருக்கு இத்தனை புள்ளி, புள்ளி சேர்ந்தால் பதவி உயர்வு. புள்ளி வேண்டும் என்று ஆள் நின்றதும் விற்கவும் ஆள் வந்துவிட்டார்கள். அப்புறம் யூ.ஜி.சி. தானே ஏற்கத்தக்க ஜர்னல்கள், அதாவது ஆய்விதழ்கள், என்று ஒரு பட்டியல் போட்டது. அதிலும் போலிகள் புகுந்துகொள்ள, 2018 மே மாதம் 4,305 ஜர்னல்களை ஒரேயடியாகத் தூக்கியது. அடுத்த வருடம் ‘கேர்’ என்ற புதிய ஜர்னல் பட்டியல். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, நல்ல ஜர்னலா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. ஆக, “லிஸ்ட்டில் இருக்கிறது மேடம்” என்ற பதில் இனி செல்லாது.

ஜர்னலின் ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு, அவருடைய கல்லூரி மின்னஞ்சலைத் தேடி எடுத்து நேராக எழுதுங்கள். “நான் அந்தக் குழுவில் இருக்கிறேனா?” என்று அவரே திருப்பிக் கேட்ட கதையெல்லாம் உண்டு. பழைய இதழ் ஒன்றையும் புரட்டிப் பாருங்கள். மண்புழு உரமும் மியூச்சுவல் ஃபண்டும் பெண்ணியக் கவிதையும் அடுத்தடுத்து வந்தால் மூடிவிடலாம். நல்ல ஜர்னலில் ஒரு பேப்பர் வெளிவர ஒரு வருடம்கூட ஆகும். “ரிவ்யூவில் உள்ளது” என்ற கடிதத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். கேட்டால்தானே தெரியும்?

பி.எட். மாணவர்கள் 300 பேரிடம் மன அழுத்த ஸ்கேல் கொடுத்தேன். நம்பகத்தன்மையைக் காட்டும் ஆல்ஃபா 0.91 வந்தது. ஆண்–பெண், கிராமம்–நகரம் வேறுபாடு இல்லை என்று முடிவு. ஜர்னல் திருப்பி அனுப்பிவிட்டது. என்ன தப்பு? – கல்வியியல் கல்லூரி ஆசிரியை, திண்டுக்கல்

ஆல்ஃபாவில் மயங்காதீர்கள் அம்மா. நாற்பது வரிக் கேள்வித்தாள், சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால், அதுவும் இன்டர்னல் மார்க் போடுகிற டீச்சர் கையால் வருகிறது. ஒரு பெண் முதல் இரண்டு வரியைப் படிக்கிறாள். பிறகு பேனா நேராகக் கீழே இறங்குகிறது: 4, 4, 4, 4. பக்கத்து பெஞ்சுப் பையன் 2, 2, 2. இப்படிப் பலர் போட்டால் வரிக்கு வரி பிரமாதமாக ஒத்துப்போகிறது என்று கணக்கு நம்பிவிடும், ஆல்ஃபா ஏறும். கிரான்பாக் 1951-ல் பெயர் வைத்த அந்த அளவு, பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டுமே சொல்லும். படித்துவிட்டுப் போட்டார்களா என்று அதற்குத் தெரியாது. நடுநடுவே எதிர்மாறான வரிகளைக் கலந்துவிடுங்கள். “எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை” என்பதற்கும் 4, “இரவில் நன்றாகத் தூங்குகிறேன்” என்பதற்கும் 4 என்றால் அந்தத் தாளைத் தனியே எடுத்து வையுங்கள்.

அப்புறம் அந்த ஆண்–பெண், கிராமம்–நகரம். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் இந்த டி-டெஸ்ட் அட்டவணைகளை எத்தனை வைவாவில், அதான் வாய்மொழித் தேர்வில், பார்த்திருப்பேன்! ஏன் இதைக் கேட்டீர்கள் என்றால், முந்தைய ஆய்வேட்டில் இருந்தது என்பதுதான் பெரும்பாலும் பதில். உங்கள் பிள்ளைகளுக்கு எப்போது மூச்சு முட்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும் வாரங்கள், ரெக்கார்டு நோட்டு முடிக்கிற ராத்திரிகள். போகும் முன் ஒரு தடவை, பள்ளியில் இருக்கும்போது ஒரு தடவை, திரும்பியதும் ஒரு தடவை அதே பிள்ளைகளிடமே கேளுங்கள். பெயருக்குப் பதில் ஒரு ரகசிய எண் போதும். தாளை நீங்கள் வாங்க வேண்டாம், வேறு யாராவது வாங்கட்டும். இதற்கு 300 பேர்கூடத் தேவையில்லை.

கல்லூரி வாத்தியார்கள் ஒழுங்காகப் பாடம் நடத்தினால் போதாதா? இந்த ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன பிரயோஜனம்? – ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர், பண்ருட்டி

உங்கள் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன் சார். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். வெட்டுக்கு முன்பு ஒரு முறை, பணம் வந்த பிறகு ஒரு முறை, வடிவங்களில் விடுபட்டது எது என்று கண்டுபிடிக்கிற படப் புதிர்களைக் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்னர் 4 சதவீதம். அதே மனிதர், கையில் காசு வந்ததும் புதிரைக் கூடுதலாக விடுவித்தார். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் எழுதி, 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

எனக்குப் பிடித்தது அதில் உள்ள சூட்சுமம். ஆலை எல்லார் வயலுக்கும் ஒரே நாளில் கட்டிங் ஆர்டர் கொடுப்பதில்லை, மாதக்கணக்கில் இழுக்கும். ஒருவர் பணம் வாங்கியிருக்கும் அதே வாரத்தில் இன்னொருவர் காத்துக்கொண்டிருப்பார். எனவே பண்டிகை, மழை, வெயில் என்று பருவத்தின் மேல் பழி போட முடியாது. முடிவை மறுத்து எழுதியவர்களும் உண்டு, அது வேறு விஷயம். பிரயோஜனம் கேட்டீர்களே: சிக்கலான விண்ணப்பத்தை விவசாயி தலையில் கட்டுவதற்கு வெட்டுக்கு முந்தைய மாதம் ஏற்றதில்லை.

நகைக்கடன் வரிசை எந்த மாதம் நீளும் என்று கவுன்டரில் இருந்த உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வியை மட்டும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், வார்விக் ஆட்கள் வந்து கேட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையில் இருக்கிறேன். நிதி கிடையாது. 100 பேரை வைத்து ஊடக ஆய்வு செய்தால் சிரிப்பார்களா? – கோவை

1968 அமெரிக்கத் தேர்தலின்போது மெக்கோம்ஸ், ஷா என்ற இரண்டு பேராசிரியர்கள் தங்கள் பல்கலைக்கழகம் இருந்த சேப்பல் ஹில் ஊரில், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரைத்தான் கேட்டார்கள். முக்கியப் பிரச்சினை என்று மக்கள் சொன்னதையும் செய்திகளில் அடிபட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1972-ல் வெளியான அந்தக் கட்டுரையைத்தான், செய்திகள் எதைப் பெரிதாகக் காட்டுகின்றனவோ அதையே மக்களும் முக்கியமாக நினைப்பார்கள் என்ற ‘அஜெண்டா செட்டிங்’ என்று நீங்கள் வகுப்பில் நடத்துகிறீர்கள். ஆனால் அவர்கள் 100 பேரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் தட்டிவிட்டுக் கிடைக்கிற 100 வேறு.

எம்.பி.ஏ. துறையில் பிஎச்.டி. செய்கிறேன். “தரவிலிருந்து இருபது பேரை நீக்கிவிட்டால் ரிசல்ட் வந்துவிடும், எல்லாரும் செய்வதுதான்” என்கிறார் கைடு. செய்யலாமா? – திருச்சி

படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் மக்கள் உண்மை சொல்வார்கள் என்று 2012-ல் ஒரு பிரபலமான கட்டுரை வந்தது. நேர்மை பற்றிய ஆய்வு! கார் காப்பீட்டு வாடிக்கையாளர்கள் ஓட்டிய மைல் கணக்கு அதில் ஒரு பகுதி. தரவு பொதுவெளிக்கு வந்த பிறகு மற்ற ஆய்வாளர்கள் எக்ஸெல் கோப்பைத் திறந்தார்கள். மைல்கள் பூஜ்யம் முதல் 50,000 வரை சமமாகப் பரவியிருந்தன, அதற்கு மேல் ஒருவர்கூட இல்லை. எண்களில் பாதி காலிப்ரி எழுத்துருவில், பாதி கேம்ப்ரியாவில். நிஜ மனிதர்களின் கணக்கு அப்படி இருக்காது, தரவு இட்டுக்கட்டியது என்று தெரிந்ததும் 2021-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவில் கை வைத்தால் ஒருநாள் வெளியே வரும்.

கைடோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 20 பேரைச் சேர்த்து ஒரு முடிவு, நீக்கி ஒரு முடிவு, இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, எந்தக் காரணத்தால் நீக்கினோம் என்று கீழே எழுதிக் காட்டுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் அவரே யோசிப்பார். மூலத் தாள்களை வைவா முடிந்த பிறகும் பீரோவிலேயே வைத்திருங்கள்.