தொண்டிக் கடலில் ஒலி ஆய்வுப் பயணம்: எப்போது போகலாம்?

தொண்டிக்கு எதிரே சேற்றுத் தரையில் நீரடி ஒலியை ஆராய எந்த மாதம் நல்லது, எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போங்கள். அந்த 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். என்ஜின் இரைச்சல் குறையும், கருவிக் கயிற்றை இழுவலை அறுத்துவிடும் என்ற பயமும் குறையும். நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போகும். கருவி இறக்கும் இடத்தை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அக்டோபருக்கு அப்புறம் வாடைக்காற்று கிளம்பினால் பாக் விரிகுடாவில் வேலை ஓடாது. ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பலை நம்பாதீர்கள்.

சரி, சேற்றில் என்ன சிக்கல்? கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். மணலில் இன்னும் வேகம். இளஞ்சேற்றிலோ நீரைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கலாம். அப்போது ஒலியில் பெரும்பகுதி திரும்பாமல் சேற்றுக்குள்ளேயே இறங்கிவிடும். சேற்றில் வாயுக்குமிழி இருந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் ஒலிக்கருவிக்கு முன்னால் மண் எடுக்கும் குழாயை இறக்குங்கள். 2017-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக்குத் தெற்கே சேற்றுப் பரப்பில் நடந்த ஆய்வுக்கும் முன்னதாகவே மாதிரி எடுத்துவிட்டார்கள். குழாயை நிமிர்த்தியே வைத்து, படகிலேயே ஒலிவேகத்தை அளந்துவிடுங்கள். வண்டியில் குலுங்கி ராமநாதபுரம் வந்து சேரும் சேறு, கடலடியில் இருந்த அதே சேறு அல்ல.