மருத்துவர் பட்டியலை நம்பலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காப்பீட்டு நிறுவனத்தின் இணையப் பட்டியலைப் பார்த்துத்தான் தோல் மருத்துவரிடம் சென்றேன். அவர் நெட்வொர்க்கில் (நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்கள் வரிசையில்) இல்லை என்று இப்போது 600 டாலருக்கு மேல் பில் வந்திருக்கிறது. கட்ட வேண்டுமா? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: முழுத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் அமெரிக்காவின் ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டத்தின்படி, பட்டியலில் இருந்த தவறான தகவலை நம்பிச் சென்றவரிடம், நெட்வொர்க் மருத்துவரிடம் சென்றிருந்தால் ஏற்பட்டிருக்கும் பங்குத் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தத் தொகையும் உங்கள் நெட்வொர்க் டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை) கணக்கில் சேர வேண்டும். கூடுதலாகக் கட்டியிருந்தால் மருத்துவர் அதை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். எழுத்துமூலம் மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் பட்டியல் அன்று என்ன காட்டியது என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கும் நாளிலேயே, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள் என்று இந்தப் பகுதியில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. தொலைபேசியில் கேட்டிருந்தால், அந்தத் தகவல் பரிமாற்றத்தின் பதிவை நிறுவனம் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ‘உங்கள் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்கிறோம்’ என்று கிளினிக் வரவேற்பில் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. அட்டையில் உள்ள பிளானின் முழுப் பெயரைப் படித்துக் காட்டி, இந்த மருத்துவர் இந்த முகவரியில் அதன் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

கேள்வி: 14 வயது மகளுக்காகப் பட்டியலில் இருந்த 20 மனநல மருத்துவர்களை அழைத்தோம். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் சரிபார்க்க யாருமே இல்லையா?

பதில்: சட்டத்தில் இருக்கிறார்கள். நிறுவனங்கள் 90 நாளுக்கு ஒருமுறையாவது பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். பதில் வராதவர்களை நீக்குவதற்கு ஒரு நடைமுறையும் வைத்திருக்க வேண்டும். நடப்பதோ வேறு. சரிபார்ப்பு என்பது பெரும்பாலும் மின்னஞ்சலில் அனுப்பப்படும் ஒரு படிவம்தான். பெரிய குழும கிளினிக்குகள் தங்கள் மருத்துவர்கள் அனைவரையும் எல்லாக் கிளைகளின் முகவரியிலும் ஏற்றிவிடுகின்றன. வாரத்தில் அரைநாள் ஒரே கிளைக்கு வருபவர்கூட ஆறு இடங்களில் இருப்பதாகத் தெரிகிறது. ஊரை விட்டுப் போனவரும் இறந்தவரும் நீங்காத வாக்காளர் பட்டியலைப் போல இது ஊதிக்கொண்டே போகிறது. பெயர்களை நீக்கினால் நெட்வொர்க் மெலிந்து தெரியும். பாலிசி விற்பவர்கள் அதை ஏன் விரும்பப் போகிறார்கள்?

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரின் நிர்வாகம் 2016 முதல் 2018 வரை, அதன்கீழ் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிக்கேர் அட்வான்டேஜ் பிளான்களின் பட்டியல்களை மூன்று சுற்றுகளாகச் சோதித்தபோது, ஏறத்தாழ பாதி இடங்களின் தகவல்களில் பிழை இருந்தது. 2023 மே மாதம் செனட் நிதிக் குழுவின் அலுவலர்கள் 12 பிளான்களின் மனநலப் பட்டியல்களில் இருந்து 120 பேரை அழைத்துப் பார்த்ததில், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான அழைப்புகளுக்கே அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் சுமார் 400 பேரை அழைத்தபோது, 86 சதவீதத்தினர் பெயரளவில் மட்டுமே இருந்தனர்.

என்னுடைய நெடுநாள் ஆத்திரம் வேறொன்று. சட்டம் தரும் பாதுகாப்பு, சிகிச்சை பெற்று பில் வாங்கியவருக்குத்தான். அப்பாயின்ட்மென்டே கிடைக்காதவருக்கு பில் இல்லை; பில் இல்லாததால் திருப்பிக் கேட்க எதுவும் இல்லை. உங்கள் மகளைப் போல மிகவும் தேவை உள்ளவர்களே இந்த ஓட்டையில் விழுகிறார்கள். போதாததற்கு, விரிவான விதிமுறைகள் வரும்வரை நிறுவனங்கள் இந்தச் சட்டத்தை நல்லெண்ணத்துடன் நியாயமாகப் பின்பற்றினால் போதும் என்று 2021 ஆகஸ்டிலேயே அரசுத் துறைகள் சொல்லிவிட்டன.

நீங்கள் செய்ய வேண்டியது: அழைத்த 20 பேரின் பெயர், தேதி, கிடைத்த பதில் ஆகியவற்றை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்களே ஒரு மருத்துவரைக் கண்டுபிடித்துத் தரவேண்டும், முடியாவிட்டால் வெளி மருத்துவருக்கு ‘நெட்வொர்க் கேப் எக்செப்ஷன்’ (நெட்வொர்க்கில் ஆள் இல்லாததால் வெளி மருத்துவரிடம் செல்லத் தரும் விலக்கு) வழங்க வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் போகும் புகார் நிற்காது.

கேள்வி: கம்பெனி இன்சூரன்ஸ். பட்டியல் தவறு. யாரிடம் புகார் செய்வது? (டெக்சாஸ்)

பதில்: பிளான் பெயரும் இல்லை, என்ன தவறு என்றும் இல்லை, ஜோசியம் பார்த்தா பதில் சொல்வது? அட்டையை எடுத்துப் பாருங்கள். டிடிஐ அல்லது டிஓஐ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் போகலாம். இல்லாவிட்டால், உங்கள் முதலாளி தம் பணத்திலேயே நடத்தும் பிளானாக இருக்க வாய்ப்பு அதிகம். எச்ஆரிடம் உறுதிசெய்துகொண்டு கூட்டாட்சித் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யுங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து வந்திருக்கும் பெற்றோரின் விசிட்டர் பாலிசிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டா?

பதில்: கிடையாது. அது பயணக் காப்பீடு. பாலிசியின் நிபந்தனைகளைப் படியுங்கள்.

கேள்வி: நான் மருத்துவர். பத்து நிறுவனங்கள், பத்துப் படிவங்கள். எங்கள் நேரத்துக்கு மதிப்பில்லையா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானதே. நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் அமைப்பது குறித்து மெடிக்கேர் நிர்வாகம் 2022 அக்டோபரிலேயே கருத்துக் கேட்டது. அதற்காகக் காத்திருந்து படிவத்தைக் கிடப்பில் போட்டால், அலைவது உங்கள் நோயாளிதான். மாற்றத்தைத் தெரிவித்த 2 வேலை நாளுக்குள் நிறுவனம் பட்டியலைத் திருத்த வேண்டும். தெரிவித்த மின்னஞ்சலின் நகலை வைத்திருங்கள். மாதத்துக்கு ஒருநாள் மட்டும் போகும் கிளையின் முகவரியை முதலில் எடுத்துவிடுங்கள்.