மாவுக்கட்டு பிரித்த கையை நீவி இழுக்கலாமா?

கேள்வி: முகப்புத் திண்ணையிலிருந்து விழுந்ததில் என் ஆறு வயதுப் பேரனுக்கு வலது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. கம்பி பொருத்தி மாவுக்கட்டு போட்டு, நான்கு வாரம் கழித்து இரண்டையும் எடுத்துவிட்டார்கள். எடுத்துப் பத்து நாளாகியும் கை முழுதாக நீளவில்லை. எண்ணெய் போட்டு நீவி இழுக்கச் சொல்கிறார்கள் சிலர். தண்ணீர் வாளியைத் தூக்கவிட்டால் தானே நீளும் என்கிறார்கள் வேறு சிலர். பால் குடிக்க மறுப்பதால் தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுக்கிறேன். அது போதுமா?
– ஓர் அப்பத்தா, தேவகோட்டை

பதில்: அம்மா, நீவவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம், வாளியும் வேண்டாம். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். ஆறத் தொடங்கியிருக்கும் முழங்கையை வலுக்கட்டாயமாக இழுக்கும்போது மூட்டைச் சுற்றி இரத்தம் கசிந்து, சில பிள்ளைகளுக்குத் தசைக்குள்ளேயே எலும்பு படிந்துவிடும். பிறகு அந்தக் கை முன்பிருந்ததைவிட இறுகிப்போகும். கட்டு பிரித்த பத்தாம் நாளில் கை நீளாமல் இருப்பது இயல்பே. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதங்களில் அசைவு நன்றாகத் திரும்பிவிடும். எஞ்சிய சிறு குறை நீங்க ஓராண்டு வரைகூட ஆகலாம்.

அதுவரை அந்தக் கைக்கு அவனே வைத்தியன். ஊட்டிவிடாமல், சோற்றை அவனே பிசைந்து உண்ணட்டும். கவளம் வாய்க்குப் போகும் ஒவ்வொரு முறையும் முழங்கை மடங்கும். பல்லாங்குழியை எதிரில் சற்றுத் தள்ளி வையுங்கள். கடைசிக் குழியில் சோழியைப் போடக் கை எட்டும்போது, வலிக்கும் எல்லையை அவனே அறிந்து அங்கே நின்றுகொள்வான். மரம் ஏறுவது, குதித்து விளையாடுவது போன்றவற்றை மட்டும் மருத்துவர் அனுமதிக்கும் வரை தவிர்த்துவிடுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, ஆட்டுக்கால் சூப் உடம்புக்கு இதம்தான். ஆனால் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து, கொதிக்கும் நீரில் மிகக் குறைவாகவே இறங்கும். இந்த வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 மில்லிகிராமுக்கு அருகில் இருக்கிறது. பால் பிடிக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். தயிரிலும் மோரிலும் கால்சியம் உண்டு. எள்ளுருண்டையும் முட்டையும் நல்லவை. நம் வீடுகளில் விரும்பிச் செய்யும் கவுனி அரிசியில் கால்சியம் அதிகமில்லை என்பதால் அதை இதற்காக நம்ப வேண்டாம்.

உண்ட கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அதைத் தோலில் உண்டாக்குவது வெயில். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் முற்பகல் வேளையில், வளவின் முற்றத்தில் கை கால்களில் வெயில் படும்படி கால் மணி நேரம் விளையாடட்டும். வைட்டமின் டி மருந்தை மருத்துவர் அளவு குறித்துத் தராமல் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேற்கை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 80 விழுக்காடு தோள்பட்டை முனையில் நடக்கிறது. முழங்கை முனையில் நடப்பது 20 விழுக்காடுதான். ஆகவே முழங்கையருகே எலும்பு பக்கவாட்டில் சாய்ந்து கூடியிருந்தால், வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருக்க இயலாது. இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி எதிரில் நின்று பாருங்கள். ஒரு கை மட்டும் உடலை நோக்கி வளைந்து தெரிந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, கம்பி இருந்த இடம் சிவந்து நீர் கசிந்தாலோ, மூன்று மாதமாகியும் அசைவு கூடாவிட்டாலோ, அறுவை செய்த மருத்துவரிடமே பேரனை அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும்.