முன் கண்ணாடியில் ஓடும் விரிசல்: ரெசின் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கல் தெறித்து கார் முன் கண்ணாடியில் சின்னப் பொட்டு விழுந்தது. இரண்டு நாளில் அதிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல் ஓடிவிட்டது. ரெசின் கிட் வாங்கி நானே சரிசெய்யலாமா?

பதில்: முதலில் பொட்டின் மேல் செல்லோ டேப் ஒட்டுங்கள். தண்ணீர், தூசி, சோப்பு உள்ளே போனால் ரெசின் (விரிசலை நிரப்பி இறுகும் பிசின் திரவம்) பிடிக்காது. சரிசெய்யும் வரை வண்டியைக் கழுவவும் வேண்டாம். வெயிலில் காய்ந்த கண்ணாடிமேல் ஏசி காற்றை நேராக அடிக்க விடாதீர்கள். உள்பக்கம் மட்டும் சட்டெனக் குளிர்ந்து சுருங்கினால் விரிசல் இன்னும் நீளும்.

முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும், நடுவில் சுமார் 0.76 மி.மீ. பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடுதான் உடையும். ரெசினால் சரிசெய்ய முடிவதும் அதை மட்டுமே. உள்பக்கம் நகத்தால் தடவிப் பாருங்கள். அங்கும் கோடு தட்டுப்பட்டால் மாற்றியே ஆக வேண்டும். விரிசல் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டிருந்தாலும், ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இருந்தாலும் அதே முடிவுதான். ரெசின் நன்றாக இறங்கினாலும் மெல்லிய தழும்பு நிற்கும், எதிர்வண்டி வெளிச்சத்தில் அது கண்ணைக் கூசவைக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் ரெசின் போதும். ஆனால் கடையில் விற்கும் கிட், நாணய அளவுக்குள் அடங்கும் பொட்டுக்குத்தான் சரிப்படும். ஓடத் தொடங்கிய விரிசலின் நுனிவரை அதில் ரெசினைச் செலுத்துவது கடினம். அதனால் உங்கள் விரிசலைக் கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே என் யோசனை.

வெறும் பொட்டு என்றால் நீங்களே செய்யலாம். நிழலில் நிறுத்துங்கள், புற ஊதா ஒளி பட்டால் ரெசின் பாதியிலேயே இறுகிவிடும். தளர்ந்த துகளை ஊசியால் எடுத்துவிட்டு, கிட்டில் உள்ள இன்ஜெக்டரை (ரெசினை உள்ளே செலுத்தும் கருவி) பொட்டுக்கு நேராகப் பொருத்தி, இரண்டு மூன்று சொட்டு ரெசின் விடுங்கள். அதால் முதலில் காற்றை இழுங்கள், பிறகு ரெசினை அழுத்துங்கள். உள்ளே வெள்ளியாய் மின்னும் காற்றுக்குமிழி மறையும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் பொறுமையிழந்து கோட்டைவிடுவது இங்கேதான். அப்புறம் கிட்டில் வரும் படலத்தை மேலே ஒட்டி, கிட்டில் சொன்ன நேரம் வெயில் காட்டி, மிஞ்சியதை பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். சாய்த்துப் பிடித்தால் ரெசினே பெயர்ந்து வரும். சூப்பர் குளூ, நகப்பூச்சு, பற்பசை எல்லாம் வேண்டாம். பசை காய்ந்து அடைத்துவிட்டால் பின்னால் ரெசினும் இறங்காது.

மாற்றுவதானால் கவனிக்க வேண்டியது ஒட்டும் வேலை. கண்ணாடி பதியும் சட்டத்தில் துரு இருந்தால் அதை நீக்கி பிரைமர் பூசாமல் ஒட்டக்கூடாது. கண்ணாடியை ஒட்டும் யூரித்தேன் பசை இறுகும் நேரம் பசைக்குப் பசை மாறும். அதைக் கேட்டு, அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். பயணி பக்க ஏர்பேக் பல கார்களில் விரியும்போது இந்தக் கண்ணாடியில்தான் மோதி நிற்கிறது, பசை இறுகாவிட்டால் கண்ணாடி அதைத் தாங்காது. முதல் நாள் ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். கதவை அறைந்து சாத்தினால் உள்ளழுத்தம் புதுப்பசையைத் தள்ளும். கண்ணாடியின் மேல்பகுதியில் கேமரா உள்ள வண்டி என்றால், அதை மறுபடி அளவுதிருத்தித் தருவார்களா என்று வேலையை ஒப்படைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.